மந்தைக்குள் தெரியும் முகங்கள்

சொந்தப் புத்தி இல்லாமல் முன்னால் போகிறவன் பின்னாலேயே போகும் கூட்டத்தை ‘ஆட்டு மந்தை’ என்று ஏசுவது நம்மிடம் பழகிப்போன வழக்கு. வேடசந்தூர், குஜிலியம்பாறை, வடமதுரைப் பக்கத்தில் ஒரு செம்மறிக் கிடையின் ஓரமாக மாலைப்பொழுதில் நின்று பார்த்தவர்களுக்கு அந்த ஏச்சு வாயில் வராது. நமக்கு வெள்ளையும் பழுப்புமாக ஒரே திரளாகத் தெரிவது ஆட்டுக்காரர் கண்ணுக்கு நூறு தனித்தனி முகம். எது தலையீத்து, எது மூன்றாம் ஈத்து, எந்தக் குட்டிக்கு எது தாய், எது காலையிலிருந்து அசைபோடவில்லை, எது இடது பின்னங்காலைத் தாங்கி நடக்கிறது என்று எதையும் எழுதி வைக்காமலே சொல்லிவிடுவார். பட்டியில் ஆடு அடையும்போது அவர் ஒன்று, இரண்டு என்று எண்ணுவதைவிட எந்த முகத்தைக் காணோம் என்றுதான் பார்க்கிறார்.

பாட்டில் நயம் பார்க்கிறோம், சிற்பத்தில் நயம் பார்க்கிறோம். செம்மறி வளர்ப்பிலும் அதற்குக் குறையாத நயம் உண்டு. அது ஆட்டின் உடம்பில் கொஞ்சமும், அதை வளர்க்கிறவரின் கவனத்தில் மிச்சமுமாக இருக்கிறது. திண்டுக்கல் சமவெளியில் அந்த நயத்தை நிதானமாகப் பார்க்க முடியும்.

முதலில் நிலம். மேற்கே பழனிமலை, தெற்கே சிறுமலை, கிழக்கே கரந்தமலை. தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் மழையைப் பழனிமலையே வாங்கிக்கொள்கிறது. கீழே சமவெளி நம்பியிருப்பது ஐப்பசி, கார்த்திகை மழையை. ஆத்தூர்ப் பக்கமிருந்து வடக்கே ஓடும் குடகனாறு வேடசந்தூரைக் கடந்து அமராவதியில் போய்ச் சேர்கிறது. ஆண்டில் பல மாதம் அதில் மணல்தான் கிடக்கும். செம்மண்ணும் சரளையும் கலந்த மேட்டுக்காடு. சோளம், கம்பு, நிலக்கடலை என்று மானாவாரி வெள்ளாமை. காட்டைச் சுற்றிக் கிளுவை வேலி, நடுநடுவே வெள்வேல மரம். மழை நின்ற இரண்டு மாதத்தில் புல் தரையோடு ஒட்டிக் காய்ந்துவிடும். மாட்டின் நாக்குக்கு எட்டாத அந்தப் புல்தான் செம்மறியின் சாப்பாடு.

அதற்கென்றே அமைந்த வாய் அது. செம்மறியின் மேலுதட்டில் மூக்கிலிருந்து நேராக இறங்கும் ஆழமான பிளவு இருக்கிறது. அந்தப் பிளவால் இரண்டு பக்கமும் தனித்தனியாக விலகிக் கொடுக்க, பற்கள் தரையை ஒட்டியே இறங்க முடிகிறது. மேல்தாடையின் முன்பக்கத்தில் பல்லே கிடையாது, கெட்டியான ஈறு மட்டும். கீழ்த்தாடையின் எட்டு முன்பற்கள் அந்த ஈறில் புல்லை அழுத்திப் பிடிக்க, தலையை ஒரு வெட்டு வெட்டிப் பறிக்கிறது. மந்தை மேயும்போது பக்கத்தில் நின்றால் இந்தச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கும். சீரான, விடாத, சின்னச் சின்ன முறிப்புச் சத்தம். வெள்ளாட்டின் மேய்ச்சல் வேறு. அது முன்னங்காலை வேலமரத்தில் ஊன்றி எழுந்து நின்று தழையைத் தேடும். செம்மறி தரையைத் தேடும். ஒரே காட்டில் இரண்டையும் விட்டால் ஒன்றின் சாப்பாட்டில் மற்றது பெரிதாகக் கைவைப்பதில்லை. பல குடும்பங்கள் இரண்டையும் கலந்து வைத்திருப்பதன் கணக்கு இதுதான்.

தூரத்தில் வருவது செம்மறியா வெள்ளாடா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வாலைப் பாருங்கள். வெள்ளாட்டின் வால் மேல்நோக்கி நிற்கும், செம்மறியின் வால் தொங்கும். கிட்டே வந்தால் இன்னும் நுட்பமான வேறுபாடுகள் தெரியும். செம்மறியின் கண்ணுக்குக் கீழே ஒரு சிறு குழி, அதில் பிசுபிசுப்பான சுரப்பு. குளம்புகளின் இடையிலும் ஒரு சுரப்பி உண்டு. நடந்த தடத்தில் அது தன் வாசனையை விட்டுச் செல்கிறது. வெள்ளாட்டுக்கு இந்த இரண்டும் இல்லை. உள்ளே போய்ப் பார்த்தால் செம்மறியின் குரோமோசோம்கள் 54, வெள்ளாட்டினுடையவை 60. நாம் ‘ஆடு’ என்ற ஒரே பெயரில் கூப்பிட்டாலும் இயற்கை இரண்டையும் வெகுதூரம் விலக்கி வைத்திருக்கிறது.

கண்ணைத் தனியாகச் சொல்ல வேண்டும். நம் கண்மணி வட்டம். ஆட்டின் கண்மணி படுக்கைவாட்டில் கிடக்கும் ஒரு கோடு. தலையைத் திருப்பாமலே முதுகுக்குப் பின்னால் ஒரு சிறு பகுதி போக மற்ற எல்லாப் பக்கமும் அதற்குத் தெரியும். சரி, மேய்வதற்குத் தலையைக் குனிந்தால் அந்தக் கோடும் செங்குத்தாகச் சாய்ந்துவிடாதா? சாயாது. தலை குனியக் குனியக் கண் தன் குழிக்குள்ளேயே சுழன்று, கோட்டைத் தரைக்கு இணையாகவே வைத்துக்கொள்கிறது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் இதை அளந்து வெளியிட்டார்கள். மேய்ந்துகொண்டிருக்கும் ஆட்டின் முகத்தருகே உட்கார்ந்து பொறுமையாகப் பார்த்தால், ஆய்வுக்கூடம் இல்லாமலே நீங்களும் இதைப் பார்த்துவிடலாம்.

இந்தச் சமவெளிக்குரிய ஆடு குறும்பை. நூல்களில் அதன் பெயர் கோயம்புத்தூர் ஆடு. பழைய பதிவுகள் அதன் தாயகமாகக் கோவை, மதுரை மாவட்டங்களைச் சொல்கின்றன. 1985 வரை திண்டுக்கல் மதுரை மாவட்டத்துக்குள்தான் இருந்தது என்பதை நினைவில் வைத்து அந்த வரியைப் படிக்க வேண்டும். நடுத்தர உடம்பு. வெள்ளை மேனியில் தலைக்கும் கழுத்துக்கும் மட்டும் கறுப்போ பழுப்போ படர்ந்திருக்கும். காது வெளிப்பக்கமும் பின்பக்கமுமாக நீட்டி நிற்கும். கிடாய்களில் சிலவற்றுக்குக் கொம்பு உண்டு, பெட்டைக்கு இல்லை. உடம்பில் அடர்த்தியில்லாத முரட்டு மயிர். அதைக் கத்தரித்து நூற்றுக் கம்பளி நெய்த காலம் உண்டு. மழையில் நனைந்தாலும் சூடு விடாத அந்தக் கம்பளிதான் ஆட்டுக்காரர்களுக்குக் குடை, பாய், போர்வை எல்லாம்.

எல்லைகளில் மற்ற இனங்கள் வந்து தொடுகின்றன. வடக்கே கரூர், நாமக்கல், ஈரோடு, சேலம் வரை பரவியிருப்பது மேச்சேரி. இளம்பழுப்பு நிறம், உடம்போடு படிந்த குட்டை மயிர், ஆண் பெண் இரண்டுக்குமே கொம்பில்லை. சிறுமலைக்குத் தெற்கே, மதுரை மாவட்டத்து வாடிப்பட்டி வட்டத்தில் கச்சைக்கட்டிக் கறுப்பு. ஊர்ப்பெயரையே இனப்பெயராக வாங்கிக்கொண்ட அந்த ஆட்டின் கிடாய் முறுக்கிய கொம்போடு முட்டுக்குப் பேர்போனது. ஒரு பகல் பயணத்துக்குள் மூன்று இனத்தையும் பார்த்துவிடலாம். மூன்றும் பல தலைமுறை ஆட்டுக்காரர்கள் தேர்ந்து தேர்ந்து வைத்துக்கொண்ட வடிவங்கள்.

திண்டுக்கல் மாவட்டத்தின் மலைமேல் முற்றிலும் வேறான ஆடு மேய்கிறது. கொடைக்கானலுக்கு அப்பால் மன்னவனூரில், மத்திய செம்மறி ஆடு மற்றும் உரோம ஆராய்ச்சி நிறுவனம் 1965இல் தொடங்கிய தென்மண்டல மையம் இருக்கிறது. அங்குள்ள பாரத் மெரினோ, ராம்புலே, சோவியத் மெரினோ கிடாய்களை ராஜஸ்தானத்துச் சொக்லா, நாலி போன்ற ஆடுகளோடு சேர்த்து உருவாக்கியது. கையை வைத்தால் விரல் மயிருக்குள் மறையும். அந்த மென்மைக்கு மலைக்குளிர் வேண்டும். சமவெளியின் சித்திரை வெயிலில் அந்த அடர்ந்த கம்பளியே அதற்குச் சுமையாகிவிடும். குறும்பையின் அரைகுறை மயிர் பார்வைக்கு எளியது, ஆனால் வேடசந்தூர் வெயிலுக்கு அதுதான் சரியான உடுப்பு. நிலத்துக்குப் பொருந்திய அழகு என்றால் என்ன என்பதை மலையும் சமவெளியும் சேர்ந்து காட்டுகின்றன.

உச்சி வெயிலில் மந்தை நிற்கும் விதத்தைப் பார்க்க வேண்டும். மரநிழல் இல்லாத இடத்தில் எல்லாம் நெருங்கி வட்டமாக நின்று, ஒன்றின் தலையை இன்னொன்றின் வயிற்றுக்கு அடியில் கொடுத்துக்கொள்ளும். வெயில் படுவது முதுகில், தலை மட்டும் பக்கத்து ஆட்டின் நிழலில். ஒவ்வொன்றும் நிழல் வாங்குகிறது, ஒவ்வொன்றும் நிழல் கொடுக்கிறது. வெயில் சாய்ந்ததும் கூட்டம் தானாகக் கலைந்து மேய்ச்சலுக்குப் பரவும்.

மேய்ச்சலின் நேரத்திலும் ஒரு நுட்பம் உண்டு. மார்கழியில் விடிந்த உடனே பட்டியைத் திறக்க மாட்டார்கள், பனி காயட்டும் என்பார்கள். குடற்புழுவின் இளம்புழுக்கள் ஈரப்புல்லின் நுனிவரை ஏறியிருக்கும். ஈரம் உலர்ந்தால் அவை வேர்ப்பக்கம் இறங்கிவிடும். நுண்ணோக்கி பார்க்காத காலத்திலேயே வந்த பழக்கம் இது. இன்றைய கால்நடை மருத்துவமும் அதையே சொல்கிறது. கண்மாய்க்கரைச் சேற்றில் மேய விடாததும் அப்படியே. அங்குள்ள நத்தைகளின் வழியாக ஈரல் தட்டைப்புழு ஆட்டுக்குள் போகும்.

ஆடு சோர்ந்து நின்றால் ஆட்டுக்காரர் முதலில் செய்வது அதன் கீழ்இமையைப் பெருவிரலால் மெல்ல இழுத்துப் பார்ப்பது. உள்ளே செக்கச்செவேல் என்றிருந்தால் நல்லது. வெளுத்திருந்தால் வயிற்றில் இரத்தம் குடிக்கும் புழு இருக்கலாம். இதே சோதனையைத் தென்னாப்பிரிக்காவில் 1990களில் ஒரு வண்ண அட்டையாக ஆக்கினார்கள். இமையின் நிறத்தை ஐந்து படிகளில் ஒப்பிட்டு, வெளுத்த ஆட்டுக்கு மட்டும் மருந்து கொடுப்பது அதன் முறை. ஃபமாச்சா என்ற பெயரில் அது இன்று உலகம் முழுவதும் பரவியிருக்கிறது. மொத்த மந்தைக்கும் மருந்து ஊற்றினால் மருந்துக்கு அடங்காத புழுக்கள்தான் மிஞ்சிப் பெருகும். தனித்தனி ஆட்டைப் பார்க்கும் கண்தான் அங்கும் வைத்தியம்.

பராமரிப்பின் பெரும்பகுதி மழைக்கு முன்பே நடக்க வேண்டியது. முதல் மழையில் துளிர்க்கும் இளம்புல்லை ஆசையாக மேய்ந்த நல்ல ஆடு, மறுநாள் துள்ளி விழுந்து செத்துப்போகும். குடலுக்குள் ஏற்கெனவே இருக்கும் ஒரு நுண்ணுயிரி திடீர் இளந்தீவனத்தில் பெருகி நஞ்சைச் சுரப்பதால் வருவது இது. துள்ளுமாரி என்ற பெயரே நோயின் முழு வரலாற்றையும் சொல்லிவிடுகிறது. மழைக்கு முன் தடுப்பூசி போட்டால் தப்பிக்கலாம். மழையோடு பெருகும் பொடிக்கொசு போன்ற பூச்சிகள் கடித்து வருவது நீலநாக்கு நோய். ஐப்பசி அந்தியில் பட்டிகளில் வேப்பிலையும் நொச்சியும் போட்டு மூட்டம் போடுவது அந்தப் பூச்சிகளை விரட்டத்தான். ஆட்டுக்கொல்லி நோய் என்று நாம் சொல்லும் பி.பி.ஆரை 2030க்குள் உலகிலிருந்தே ஒழிப்பது என்று உலக உணவு வேளாண் அமைப்பும் உலக விலங்குநல அமைப்பும் இலக்கு வைத்திருக்கின்றன. அதற்கான ஊசி இங்கே கால்நடை மருந்தகங்களிலேயே போடப்படுகிறது.

இனி இனப்பெருக்கம். மந்தைக்கு முதுகெலும்பு பொலிகிடாய். 25 முதல் 30 பெட்டைக்கு ஒரு கிடாய் என்பது கணக்கு. அதைத் தேர்வதில்தான் ஆட்டுக்காரரின் முழுத் தேர்ச்சியும் தெரியும். அகன்ற மார்பு, நேரான முதுகு, ஒன்றையொன்று உரசாத பின்னங்கால், இரண்டும் ஒத்த அளவிலான விதைகள் என்று கிடாயைப் பார்ப்பார். அதோடு நிற்க மாட்டார். அதன் தாய்க்கு மடி எப்படி, குட்டிக்குப் பால் குறையாமல் கொடுத்ததா, வறண்ட வைகாசியிலும் உடம்பு வற்றாமல் நின்றதா என்று ஒரு தலைமுறை பின்னால் போவார். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கிடாயை மாற்றிவிடுவார். இல்லாவிட்டால் அது தன் மக்களோடேயே சேரும், குட்டிகள் நோஞ்சானாகப் பிறக்கும்.

பெட்டைக்கு 17 நாளுக்கு ஒருமுறை பருவம் வரும். அது நீடிப்பது ஒரு நாள், ஒன்றரை நாள். வெள்ளாட்டைப் போலக் கத்தி ஊரைக் கூட்டாது. வாலை மெல்ல ஆட்டிக்கொண்டு கிடாயின் பக்கத்தில் போய் நிற்கும், அவ்வளவுதான். கிடாய் அதன் சிறுநீரை முகர்ந்து, கழுத்தை நீட்டி, மேலுதட்டைச் சுருட்டி வானத்தைப் பார்த்தபடி சிறிது நேரம் அசையாமல் நிற்கும். வேடிக்கையாகத் தெரிகிற அந்த நிலைதான் அதன் சோதனை. வாயின் மேலண்ணத்தில் உள்ள ஒரு நுண்ணுறுப்புக்கு வாசனையை ஏற்றி, காலம் வந்துவிட்டதா என்று பார்க்கிறது.

சினைக்காலம் ஐந்து மாதம், ஏறத்தாழ 150 நாள். ஆடியில் கிடாய் சேர்ந்தால் மார்கழியில் குட்டி. அந்தக் கணக்கின் அழகைக் கவனியுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் புல் எழும்பி நிற்கும்போது சினையாட்டுக்கு வயிறு நிறையும். சினையின் கடைசி ஆறு வாரத்தில்தான் குட்டி வேகமாக வளர்கிறது. புல்லும் அப்போதுதான் செழிப்பாக இருக்கிறது. குட்டி ஈன்றபின் தையில் அறுவடை முடிந்த காடுகள் திறந்து கிடக்கும், தாய்க்குப் பால் ஊறும். காலம் தப்பிச் சேர்ந்தால் குட்டி கோடையில் விழும், தாய்க்கும் பால் இருக்காது. அதனால்தான் வேண்டாத மாதங்களில் கிடாயின் வயிற்றுக்கு அடியில் சாக்குத்துணி கட்டி மறிக்கிற வழக்கமும் உண்டு.

இந்த ஆடுகள் பெரும்பாலும் ஒற்றைக் குட்டிதான் போடும். குட்டி விழுந்ததும் தாய் அதை நக்கிக்கொண்டே தொண்டைக்குள் ஒரு தாழ்ந்த ஒலி எழுப்பும். வேறு எந்த வேளையிலும் அது அப்படிக் கூப்பிடுவது அரிது. அந்த முதல் ஓரிரு மணி நேரத்தில் குட்டியின் வாசனை தாயின் நினைவில் பதிந்துவிடுகிறது. அதன்பின் வேறு குட்டி மடிக்கு வந்தால் முட்டித் தள்ளும். தாய் செத்த குட்டியை இன்னொரு தாயிடம் சேர்க்க வேண்டுமானால், அந்தத் தாயின் பாலையோ பனிக்குட நீரையோ குட்டியின் மேல் தடவி வாசனையை மாற்றுவார்கள். சீம்பாலை முதல் ஒரு மணி நேரத்துக்குள் குடிக்க வைப்பது இதில் இன்னும் முக்கியம். குட்டிக்கு நோய் தடுக்கும் ஆற்றல் கருப்பையில் கிடைப்பதில்லை, சீம்பாலில்தான் கிடைக்கிறது. நேரம் போகப் போகக் குடல் அதை உறிஞ்சும் திறனை இழந்துவிடும்.

மந்தையின் உச்சக் காட்சி அந்தி நேரத்தில். தாய்கள் மேயப் போகும்போது பிஞ்சுக் குட்டிகளைக் கூட்டுக்குள் அடைத்துவிட்டுப் போவார்கள். பொழுது சாய மந்தை திரும்பும். தாய்களின் குரலும் கூட்டுக்குள் குட்டிகளின் குரலும் ஒன்றாகக் கிளம்பி நம் காதை அடைத்துவிடும். கூட்டைத் திறந்ததும் நூறு குட்டிகள் சிதறி ஓடும். நமக்கு அது வெறும் குழப்பம். சில நிமிடத்தில் பார்த்தால் ஒவ்வொரு குட்டியும் தன் தாயின் மடியில் வாய் வைத்து, முன்னங்கால் மடக்கி, வாலை வேகமாக ஆட்டிக்கொண்டிருக்கும். தாய் குட்டியின் பின்புறத்தை முகர்ந்து ஒருமுறை உறுதி செய்துகொள்ளும். தூரத்தில் குரல், கிட்டத்தில் முகம், கடைசியில் வாசனை என்று மூன்று சோதனை. முகத்தை ஆடு நினைவில் வைக்கும் என்பது கற்பனையில்லை. இங்கிலாந்தின் பாப்ரகாம் நிறுவன ஆய்வாளர்கள் 50 ஆடுகளின் முகப்படங்களைச் செம்மறிகளுக்குப் பழக்கி, இரண்டு ஆண்டு கழித்தும் அவை அடையாளம் காண்பதை 2001இல் எழுதினார்கள். மந்தைக்குள் ஆடுகளும் ஒன்றையொன்று முகம் பார்த்துத்தான் வாழ்கின்றன.

மொழியிலும் இந்த ஒன்றும் பலவும் விளையாடுகின்றன. ‘ஆடு வந்தது’ என்கிறோம், ‘ஆடு வந்தன’ என்றும் எழுதலாம். ‘ஆடு’ என்ற வடிவம் மாறவில்லை, ஒன்றா பலவா என்று சொல்வது வினைமுற்று. பால்பகா அஃறிணைப் பெயர் என்று நன்னூல் வகுப்பது இதைத்தான். அய்யலூர்ச் சந்தையில் ‘அம்பது ஆடு கொண்டாந்தேன்’ என்று சொல்பவர் ‘கள்’ சேர்க்காமல் பேசுவது முழு இலக்கணத்தோடுதான். அதே சொல் வேற்றுமை ஏற்கும்போது டகரம் இரட்டிக்கிறது: ஆட்டை, ஆட்டுக்கு, ஆட்டுக்கிடை, ஆட்டுக்குட்டி. காடு காட்டுக்கு ஆவதும் வீடு வீட்டுக்கு ஆவதும் இதே விதியால். ஆனால் ‘ஆடு’ வினையாக இருந்தால் இரட்டாது. அதனால்தான் கூத்து நடக்குமிடம் ஆடுகளம், செம்மறி அடையுமிடம் ஆட்டுக்கிடை. ஓர் ஒற்று எழுத்து வினையையும் பெயரையும் பிரித்து நிறுத்திவிடுகிறது.

தொல்காப்பியத்தின் மரபியல் ஆட்டுக்குத் தந்திருக்கும் பெயர்களைப் பாருங்கள். ஆணுக்கு மோத்தை, தகர், உதள், அப்பர் என்று நான்கு. பெண்ணுக்கு மூடு, கடமை என்று இரண்டு. குட்டிக்கு மறி, அந்தப் பெயரை மானும் குதிரையும் பங்கிட்டுக்கொள்கின்றன. செம்மறி என்ற சொல்லுக்குள் அந்த மறி இன்றும் உயிரோடு இருக்கிறது. ஆடு மேய்ப்பவர் பேச்சில் வளர்ந்த வேறுபாடுகளைத்தான் இலக்கணம் ஏற்று வரிசைப்படுத்தியிருக்க வேண்டும். கறுத்த ஆட்டையும் வெள்ளாடு என்றே சொல்வதை மங்கல வழக்கு என்று உரைகாரர்கள் விளக்கினார்கள்.

வள்ளுவரும் ஆட்டைக் கூர்ந்து பார்த்தவர். காலமறிதல் அதிகாரத்தில், ஊக்கமுள்ளவன் பொறுத்திருப்பதற்குப் போரிடும் தகர் பின்வாங்குவதை உவமை ஆக்குகிறார். வெள்ளாட்டுக் கிடாய் முட்டும்போது பின்னங்காலில் எழுந்து நின்று மேலிருந்து இறங்கும். பல அடி பின்னால் போய், தலை தாழ்த்தி, ஓடிவந்து மோதுவது செம்மறிக் கிடாய். ஆகவே குறளில் நிற்கும் தகர் செம்மறிதான் என்று துணிந்து சொல்லலாம். கச்சைக்கட்டிக் கிடாய் ஒன்று பின்வாங்கும்போது பார்த்தால் அந்தக் குறளுக்கு வேறு உரை வேண்டியதில்லை.

ஆடு மண்ணுக்குத் திருப்பிக் கொடுப்பதையும் சொல்ல வேண்டும். அறுவடை முடிந்த காட்டில் கிடை போடச் சொல்லி விவசாயிகள் ஆட்டுக்காரரைத் தேடி வருவார்கள். படலோ வலையோ கட்டி இரவெல்லாம் ஆட்டை அடைத்து, மறுநாள் அந்தப் படலைப் பக்கத்து இடத்துக்கு நகர்த்துவார்கள். இப்படியே காடு முழுவதும் எருவாகிவிடும். ஆட்டு எருவில் தழைச்சத்து நூற்றுக்கு 3 பங்கு, சாம்பல்சத்து 2, மணிச்சத்து 1. மாட்டுத் தொழுவுரத்தின் தழைச்சத்தோடு ஒப்பிட்டால் இது பல மடங்கு. புழுக்கையோடு சிறுநீரும் நேரே மண்ணில் இறங்குவதுதான் கிடையின் தனிச்சிறப்பு. ஆட்டு எரு அந்த வருசம், மாட்டு எரு மறு வருசம் என்பது பழமொழி. புழுக்கை சிறியதாக இருப்பதால் சீக்கிரம் மட்கி அந்தப் போகத்துக்கே பயன்படுகிறது.

அய்யலூரில் வியாழக்கிழமை சந்தை. விடியுமுன்னே ஆடும் கோழியும் வந்து இறங்கிவிடும். வாங்க வந்தவர் முதலில் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். பால்பல் மட்டும் இருந்தால் குட்டி. நடுவில் இரண்டு பெரிய பல் வந்திருந்தால் ஒன்றரை வயதுக்குப் பக்கம். பிறகு நாலு பல், ஆறு பல், எட்டும் சேர்ந்துவிட்டால் நான்கு வயதை எட்டியது. அடுத்து கையை இடுப்புக்கு மேலே முதுகெலும்பின் இரு பக்கமும் வைத்து அழுத்துவார். எலும்பு முனை கையில் குத்துகிறதா, சதை மூடியிருக்கிறதா என்பதில் கறி எடை தெரிந்துவிடும். பக்ரீத்துக்கு வாங்க வருகிறவர்கள் காது, கொம்பு, கண், கால் என்று எதிலும் ஊனமில்லாததாகத் தேடுவார்கள். குர்பானிக்குக் குறையற்ற ஆடு வேண்டும். சில வியாபாரிகள் விலையைத் துண்டுக்கு அடியில் விரல் பிடித்தே பேசி முடிப்பார்கள்.

ஆட்டின் கதை கறியோடும் முடிவதில்லை. திண்டுக்கல் நகரம் பூட்டுக்கு மட்டுமின்றித் தோலுக்கும் பேர்போனது. ஆவாரம்பட்டை போன்ற மரப்பட்டைகளில் பதப்படுத்தும் ஈ.ஐ. (கிழக்கிந்திய) தோல் இங்கும் திருச்சியிலும் வளர்ந்த தொழில், புவிசார் குறியீடு பெற்றது. குட்டை மயிர்ச் செம்மறியின் தோல் மெல்லியது, வழவழப்பானது, கையுறைக்கு உகந்தது. பதனிட்ட தோலை வெளிச்சத்தில் பிடித்தால் வேலமுள் கிழித்த கோடும் அம்மை வந்துபோன தழும்பும் உண்ணி கடித்த புள்ளியும் தெரியும். நன்றாகப் பராமரித்த ஆட்டின் தோல் மாசில்லாமல் இருக்கும், விலையும் கூடும். வளர்த்தவரின் அக்கறை அங்கேயும் தெரிந்துவிடுகிறது. அதே தொழிலின் கழிவுநீர் திண்டுக்கல்லைச் சுற்றிய கிணறுகளைக் கெடுத்ததும் உண்மை. தோலின் அழகைப் பாராட்டுகிறவர்கள் அந்தத் தண்ணீருக்கும் குரல் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள்.

2019ஆம் ஆண்டின் 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுச் செம்மறிகள் ஏறத்தாழ 45 லட்சம், வெள்ளாடுகள் அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். செம்மறிக்குத் திறந்த தரை வேண்டும். நாற்கரச் சாலையின் இரு பக்கமும் மேய்ச்சல் காடுகள் வீட்டுமனைகளாகிக் கல் நட்டு நிற்கின்றன. மந்தைவெளிகளும் மேய்ச்சல் புறம்போக்குகளும் சுருங்குகின்றன. மேய்க்கப் போக அடுத்த தலைமுறையும் தயங்குகிறது. கலப்புக் கிடாய்கள் சந்தையில் எளிதாகக் கிடைப்பதால், சுத்தமான குறும்பைக் கிடாயைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது.

அரசிடமும் கால்நடைப் பல்கலைக்கழகத்திடமும் கேட்கத் தக்கவை இரண்டு. மேய்ச்சல் புறம்போக்கை ஊர்தோறும் அளந்து மேய்ச்சலுக்கென்றே காத்துத் தர வேண்டும். நல்ல குறும்பைக் கிடாய்களை அடையாளமிட்டு, கேட்கிற ஆட்டுக்காரர்களுக்குச் சுழற்சியில் கிடைக்கச் செய்ய வேண்டும். நம்மால் ஆவது ஒன்று உண்டு. ஓர் இனத்தைக் காப்பாற்றுவது நல்ல கிடாயைக் காப்பாற்றுவதோடு முடியாது. நல்ல கிடாய் எது என்று பார்த்துச் சொல்லத் தெரிந்தவரையும் காப்பாற்ற வேண்டும். அப்படிப்பட்டவர்கள் வேடசந்தூரிலும் வடமதுரையிலும் குஜிலியம்பாறையிலும் இன்னும் இருக்கிறார்கள். உங்கள் ஊரிலும் இருக்கலாம். அவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். அவர்கள் ஆட்டுக்கு வைத்திருக்கும் பெயர்களையும், கிடாயைத் தேர்கிற கணக்கையும், நோய்க்குப் பார்க்கிற அடையாளங்களையும் அவர்கள் சொல்லாலேயே எழுதி வையுங்கள்.